‘ஆர்’ என்னும் புள்ளியியல் மென்பொருள் – ஒரு திறனாய்வு

வாசகர்களே, முதலில் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். பத்து மாணவர்கள் பெற்ற மதிப்பெண்கள் 10, 20, 30, 40, 50, 60, 70, 80, 90, 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் முதல் கால்மானம் என்ன? பாடநூல்களில் பொதுவாகக் காணப்படும் வழி இது: உறுப்புகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். பதினொன்றை நான்கால் வகுத்தால் 2.75. ஆகவே இரண்டாம் மதிப்பாகிய 20-லிருந்து மூன்றாம் மதிப்பாகிய 30-ஐ நோக்கி முக்கால் பங்கு தூரம் செல்கிறோம். விடை 27.5.

இதே பத்து எண்களை ‘ஆர்’ என்னும் மென்பொருளிடம் கொடுங்கள். அது 32.5 என்று சொல்லும். ‘சாஸ்’ என்னும் வணிக மென்பொருள் 30 என்று சொல்லும். மற்றொரு வணிக மென்பொருளாகிய எஸ்.பி.எஸ்.எஸ். 27.5 என்று சொல்லி நம் பாடநூலோடு ஒத்துப்போகும்.

எது சரி? மூன்றுமே சரிதான். கால்மானத்துக்கு ஒரே ஓர் இலக்கணம் இல்லை. ராப் ஹைண்ட்மன், யானன் ஃபேன் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மென்பொருள்களில் வழங்கும் ஒன்பது வகை இலக்கணங்களைத் தொகுத்துக் காட்டினர். ஆர் அந்த ஒன்பதையும் அறியும். எதை வேண்டுமென்று நாம் சொல்லாவிட்டால் ஏழாவதை எடுத்துக்கொள்ளும்.

கால்மானம் போன்ற எளிய அளவையிலேயே இத்தனை வேறுபாடு என்றால், மருந்தின் பயனையும் நாட்டின் கடனையும் மூளையின் செயலையும் ஆராயும் பெரிய கணக்குகளின் நிலை என்ன? இயந்திரம் தரும் எண்ணை ஏற்கும்போது, அது எந்த வழியில் கிடைத்தது என்பதையும் அறிய நமக்கு வாய்ப்பு உண்டா? இந்தக் கேள்வியை உரைகல்லாகக் கொண்டே ஆர் மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

ஆரின் முன்னோடி ‘எஸ்’ என்னும் மொழி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1976-இல் அதை உருவாக்கத் தொடங்கினர். தரவுகளோடு உரையாடுவது போலக் கணக்கிட வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். ஒரு வரி எழுதினால் ஒரு விடை. அதைக் கண்டபின் அடுத்த வரி.

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் எஸ் மொழியை ஒத்த ஒரு மொழியைத் தாங்களே படைத்தார்கள். இருவர் பெயருக்கும் முதல் எழுத்து ஒன்றே. அதுவும், எஸ் என்னும் பெயரின் மீது ஒரு விளையாட்டுமாகச் சேர்ந்து ‘ஆர்’ என்ற பெயர் அமைந்தது. 1995-இல் அதன் மூல நிரலை, க்னூ பொது உரிமத்தின் கீழ் உலகுக்கே வழங்கிவிட்டனர். 1997-இல் பல நாட்டு அறிஞர்கள் கொண்ட ஒரு மையக்குழு அதன் பொறுப்பை ஏற்றது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் முதலாம் பதிப்பு வெளிவந்தது.

க்னூ பொது உரிமம் என்ன சொல்கிறது? மென்பொருளை எந்தப் பணிக்கும் பயன்படுத்தலாம், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். விலையில்லை என்பது இதன் ஒரு விளைவுதான். உள்ளே பார்க்கும் உரிமையே இதன் உயிர்நாடி. ஆர் ஏன் 32.5 என்று சொன்னது என்று ஐயம் எழுந்தால், அந்தக் கணக்கைச் செய்யும் வரிகளைத் திரையில் வரவழைத்து நீங்களே படிக்கலாம். பூட்டிய பெட்டியாக விற்கப்படும் வணிக மென்பொருளில் விளக்கக் கையேட்டை நம்புவதோடு நாம் நிற்க வேண்டியதுதான்.

வழியைக் காட்டாத கணக்கு

உள்ளே பார்க்கும் உரிமை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் பொதுக்கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது அதன் சாரம். வளர்ந்த நாடுகளில் அத்தகைய ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி, பூஜ்யத்துக்கும் கீழே 0.1 விழுக்காடு என்று அவர்கள் கணக்கிட்டிருந்தனர். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பலர் இக்கட்டுரையை எடுத்துக்காட்டினர்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பயின்ற தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், பாடப் பயிற்சிக்காக இக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தார். விடை வரவில்லை. அறிஞர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் தாளைப் பெற்றார். சராசரி காணும் கட்டத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில நாடுகளின் சில ஆண்டுகளும் சேர்க்கப்படவில்லை. நாடுகளுக்கு முக்கியத்துவம் அளித்த முறையும் கேள்விக்குரியதாக இருந்தது. எல்லாவற்றையும் சீர்செய்து ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர் இருவரும் 2013-இல் வெளியிட்ட விடை 2.2 விழுக்காடு. மூல ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டனர். ஆயினும் தங்கள் பொது முடிவு மாறவில்லை என்று வாதிட்டனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அட்டவணைத் தாளில் எண்கள் முன்னே நிற்கும். சூத்திரங்கள் கட்டங்களுக்குப் பின்னே ஒளிந்திருக்கும். ஆர் போன்ற மொழியில் கணக்கு, வரிவரியாக எழுதிய ஆணைகளாக இருக்கும். எந்த நாட்டைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதைப் பிறர் படிக்கலாம், மீண்டும் ஓட்டலாம். இதனால் பிழை நேராது என்று சொல்ல முடியாது. நேர்ந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று சொல்லலாம்.

திறந்திருந்தும் காணாத பிழை

‘மூல நிரல் திறந்திருக்கிறது, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஆகவே பிழை இராது’ என்று இத்தகைய மென்பொருளின் அன்பர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. இந்த வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

மூளையின் எந்தப் பகுதி எப்போது செயற்படுகிறது என்று காட்டும் காந்த ஒத்ததிர்வுப் படங்களை ஆராய்வதற்கு எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஆஃப்னி என்னும் மூன்று மென்பொருள்கள் பெரிதும் பயன்படுகின்றன. மூன்றின் மூல நிரலும் காணக் கிடைப்பதே. ஸ்வீடனையும் இங்கிலாந்தையும் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லுண்ட், தாமஸ் நிக்கோல்ஸ், ஹான்ஸ் க்னுட்சன் ஆகியோர் இவற்றைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். எந்தப் பணியும் செய்யாமல் ஓய்ந்திருந்தவர்களின் படங்களைக் கொண்டு அவர்கள் பல்லாயிரம் போலிச் சோதனைகள் நடத்தினர். இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றுவது நூற்றுக்கு ஐந்து முறைக்குள் அடங்க வேண்டும். ஆனால் சில அமைப்புகளில் அது 70 விழுக்காடு வரை எட்டியது.

இதற்கு முதன்மைக் காரணம், படத்தின் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே உள்ள தொடர்பு பற்றி மென்பொருள்கள் கொண்டிருந்த ஊகம் உண்மையோடு பொருந்தாததே. அதோடு, ஆஃப்னியின் ஒரு பகுதியில் வெளிப்படையான நிரற்பிழை ஒன்றும் 15 ஆண்டுகள் கிடந்து 2015-இல்தான் திருத்தப்பட்டது. அந்த 15 ஆண்டுகளும் கதவு திறந்தேதான் இருந்தது. நுழைந்து பார்த்தவர் இல்லை. ஆனால் பிழையைக் காண முடிந்ததற்கும் திருத்த முடிந்ததற்கும் அதே திறந்த கதவுதான் துணைநின்றது என்பதையும் மறுக்க முடியாது.

ஆரின் குறைகள்

இனி ஆரிடம் நேராகவே காணும் குறைகளைச் சொல்வோம்.

முதலாவது, அதன் மௌனம். ஆறு எண்கள் கொண்ட ஒரு வரிசையோடு இரண்டு எண்கள் கொண்ட வரிசையைக் கூட்டச் சொல்லுங்கள். மனிதரிடம் சொன்னால், ‘மற்ற நான்கு எங்கே?’ என்று கேட்பார். ஆர் கேட்பதில்லை. இரண்டு எண்களையே மூன்று முறை திருப்பிப் போட்டுக் கூட்டிவிடும். ஆறுக்குப் பதில் ஏழு எண்கள் இருந்தால், வகுபடாத காரணத்தால் ஓர் எச்சரிக்கை தரும். வகுபட்டால் அதுவும் இல்லை. தரவில் பாதி தொலைந்திருந்தாலும் விடை வந்துவிடும். கைதேர்ந்தவருக்கு இது வசதி. மாணவருக்கு இது கண்ணி.

இரண்டாவது, தொகுப்புகளின் தரம். உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிய தொகுப்புகள் 1997-இல் வியன்னாவில் தொடங்கிய ‘கிரான்’ களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. இன்று அவை 20,000-க்கும் மேல். ஒரு தொகுப்பைச் சேர்க்கும்முன், அது ஒழுங்காக ஓடுகிறதா, எடுத்துக்காட்டுகள் இயங்குகின்றனவா என்று களஞ்சியம் சோதிக்கிறது. அதிலுள்ள புள்ளியியல் முறை சரிதானா என்று சோதிப்பதில்லை. களஞ்சியத்தில் இடம்பெற்றது என்பதைத் தரச்சான்றாகக் கொள்வது நம் தவறே.

மூன்றாவது, பதிப்புக்குப் பதிப்பு நேரும் மாற்றம். சமவாய்ப்பு முறையில் கூறு எடுக்கும் ஆணையில் இருந்த நுண்ணிய குறை ஒன்று 2019-இல் வெளிவந்த 3.6.0 பதிப்பில் சீராக்கப்பட்டது. நல்ல செயலே. ஆனால் அதன்பின், அதே தொடக்க எண்ணைக் கொடுத்து ஓட்டினாலும் பழைய பதிப்பு எடுத்த கூறு கிடைக்காது; பழைய முறையையே கையாளும்படி தனியே ஆணையிட வேண்டும். பதிப்பு எண்ணைக் குறித்து வைக்காதவர், தம் ஆய்வைத் தாமே மீண்டும் செய்து காட்ட முடியாத நிலைக்கு ஆளாகலாம்.

நான்காவது, வேகம். ஆர் பொதுவாகத் தரவு முழுவதையும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டே வேலை செய்யும். ஒவ்வொரு படியையும் தனித்தனியே சுற்றிவரும் கணக்குகளில் அது மெல்ல நடக்கும். இக்குறையை அதன் தந்தையருள் ஒருவரே உணர்ந்திருந்தார். ராஸ் இஹாக்கா, டங்கன் டெம்பிள் லாங் என்பவருடன் சேர்ந்து 2008-இல் எழுதிய கட்டுரையில், லிஸ்ப் என்னும் பழைய மொழியை அடித்தளமாகக் கொண்டு புதிய புள்ளியியல் அமைப்பொன்றைக் கட்டலாம் என்று முன்மொழிந்தார். தான் வளர்த்த பிள்ளையின் குறையை ஊரறியச் சொல்லும் நேர்மை பாராட்டத்தக்கது.

ஐந்தாவது, உதவிப் பக்கங்களின் இயல்பு. அவை ஆங்கிலத்தில், அதிலும் விஷயம் அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ்வழி பயின்ற மாணவர் ஒருவருக்கு மூல நிரலின் கதவு திறந்திருந்தும் வாசற்படி உயரமாக இருக்கிறது. கால்மானம், திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவற்றை நல்ல தமிழில் கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கேற்ற விளக்கங்களை எழுதி இணைப்பதற்கு உரிமம் தடையாக இல்லை. எழுதுவதற்கு ஆட்கள்தான் வேண்டும்.

நம் முடிவு

‘இந்த மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை’ என்னும் கருத்துள்ள அறிவிப்பு, ஆரைத் திறந்தவுடன் திரையில் தோன்றும். இதைக் காட்டி, காசு கொடுத்து வாங்குவதே பாதுகாப்பு என்று சொல்வாரும் உண்டு. ஆனால் வணிக மென்பொருளின் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். தவறான விடையால் நேரும் இழப்புக்குத் தாம் பொறுப்பல்ல என்று அதிலும் பொதுவாக எழுதியே இருப்பார்கள். ஆர் அதை முதல் திரையிலேயே சொல்கிறது. சொல்வதோடு தன் உள்ளத்தையும் திறந்து காட்டுகிறது. அந்த வகையில் மாணவர்களும் ஆய்வாளர்களும் கற்கத் தகுந்த கருவி இது என்பதில் நமக்கு ஐயமில்லை. மாதச் சந்தா கட்ட இயலாத கல்லூரிக்கும், உலகின் முன்னணி ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே கருவி கிடைப்பது சிறிய செய்தியல்ல.

ஆனால் கருவியின் நேர்மை, பயன்படுத்துபவரின் உழைப்பை மிச்சப்படுத்திவிடாது. ஒரு புதிய ஆணையைக் கற்றால், காகிதத்தில் செய்து விடை கண்ட சிறு கணக்கை முதலில் அதற்குக் கொடுங்கள். நீங்கள் சொல்லாதவற்றை அது எவ்வாறு எடுத்துக்கொள்கிறது என்று உதவிப் பக்கத்தில் தேடுங்கள். பதிப்பு எண்ணையும் தொகுப்புகளின் பெயரையும் குறித்து வையுங்கள். முடிவை வெளியிடும்போது ஆணைகளையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இன்றே தொடங்க ஒரு பயிற்சி: 2, 4, 4, 4, 5, 5, 7, 9. இந்த எட்டு எண்களின் கூட்டுச் சராசரி 5. திட்ட விலக்கத்தைக் கையால் கணக்கிடுங்கள். பிறகு ஆரிடம் கேளுங்கள், ஏறத்தாழ 2.138 என்று சொல்லும். பைத்தான் மொழியின் ‘நம்பை’ தொகுப்பிடம் கேளுங்கள். 2 என்று சொல்லும். விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் இருவருக்குமே 32-தான் வருகிறது. அதை ஒருவர் எட்டால் வகுக்க, மற்றவர் ஏழால் வகுத்தது ஏன்? எந்தச் சூழ்நிலையில் எது பொருந்தும்? இந்த விடையை உங்கள் பாடநூலில் தேடிக் கண்டுபிடியுங்கள்.