ஒரு கரண்டி காப்பித்தூள் எவ்வளவு?

ஒரு டம்ளர் காப்பிக்கு இரண்டு கரண்டி தூள் போடுக! சமையல் குறிப்புகளில் இதுபோன்ற வரிகளை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் வழங்கும் விதியும் இதே இனந்தான்: ஆறு அவுன்ஸ் நீருக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி. தூள் இளவறுவலா, கருவறுவலா என்ற பேச்சே பெரும்பாலும் இருப்பதில்லை. இக்குறிப்புகளின் மேல் எனக்குள்ள வழக்கு இதுதான். கரண்டி அளப்பது பருமனை. டிக்காக்ஷனின் திடத்தைத் தீர்மானிப்பதோ தூளின் நிறை. இரண்டையும் இணைக்கும் அடர்த்தி, வறுக்கும்போதே மாறிவிடுகிறது.

பச்சைக் காப்பிக் கொட்டையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஈரம் உண்டு. சூடேறும்போது அது நீராவியாகிறது. வேதிமாற்றங்களால் கரியமில வாயுவும் உண்டாகிறது. இவை உள்ளிருந்து அழுத்த, கொட்டை பருக்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் பொரி வெடிப்பதுபோல் சடசடவென ஓசை கேட்கும். கொட்டை முழுதும் நுண்ணிய துளைகள். நிறை குறைகிறது, பருமன் கூடுகிறது. ஆகவே அடர்த்தி இரண்டு வழியிலும் அடி வாங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 கிராம் பச்சைக் கொட்டை சுமார் 145 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும் என்று கொள்வோம். இளவறுவலில் 87 கிராம் மிஞ்சி, பருமன் ஒன்றரை மடங்காகட்டும். கருவறுவலில் 80 கிராம் மிஞ்சி, பருமன் 1.9 மடங்காகட்டும். இவை வழக்கமான அளவுகளே. இப்போது 200 மில்லிலிட்டர் டம்ளரில் தலைதட்டி அளந்தால் இளவறுவல் 80 கிராம் பிடிக்கும். கருவறுவல் 58 கிராம்தான். அரைத்தபின் துளைகள் பல உடைவதால் இந்த வேறுபாடு சுருங்கும், ஆனால் மறையாது. தூளின் நயமும், டப்பாவைத் தட்டி அமுக்குவதும் வேறு குழப்பங்களைச் சேர்க்கும்.

கருவறுவலில் காஃபீன் குறைவு என்பார் ஒருவர். அதிகம் என்பார் மற்றொருவர். இருவரும் எதனால் அளந்தோம் என்று சொல்வதில்லை. வறுப்பதால் காஃபீன் மிகச் சிறிதளவே போகிறது; அதைப் புறக்கணிப்போம். 100 கிராம் பச்சைக் கொட்டையில் 1.2 கிராம் காஃபீன் என்று வைத்தால், வறுத்தபின் நிறைப்படி இளவறுவலில் 1.38 சதவீதம், கருவறுவலில் 1.5 சதவீதம். கருவறுவலுக்கே வெற்றி! டம்ளரால் அளந்தாலோ முன்னதில் 1.1 கிராம், பின்னதில் 0.87 கிராம், தீர்ப்பு தலைகீழ். கொட்டைகளை எண்ணிப் போட்டால் இரண்டும் சமம். மூன்று அளவைகள், மூன்று விடைகள். இதை விளக்காமல் ஒரு விடையை மட்டும் உடல்நலக் குறிப்பாக அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

சமையல் எழுத்தாளரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. காப்பிக் கொட்டையின் அடர்த்தி என்ன என்று முதலாண்டு மாணவரைக் கேட்டால் அட்டவணையைத் தேடுகிறார். இரும்புக்கு 7.8 என்று மனப்பாடம் செய்வித்த என் போன்ற ஆசிரியர்கள், குவியலின் இடையிலும் துளையின் உள்ளும் இருக்கும் காற்றைச் சேர்த்தால் ஓர் அடர்த்தி, நீக்கினால் வேறோர் அடர்த்தி என்று சொல்லித் தரவில்லை. அரிசி, உப்பு, சிமெண்டு, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் அல்லவா?

எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற அமெரிக்க வேதியியலார் 1950களிலேயே காப்பியின் திடத்தை நிறைக் கணக்கில் ஆராய்ந்தார். தூளில் எத்தனை சதவீதம் கரைந்து வந்தது, பானத்தில் அது எத்தனை சதவீதம் என்பவற்றை ஒரே வரைபடத்தில் காட்டினார். அப்படியிருந்தும் கரண்டி ஆட்சி தொடர்கிறது.

தராசு இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். புதிதாக 100 கிராம் தூள் வாங்கியதும், டப்பாவில் கொட்டும்போது எத்தனை கரண்டி என்று எண்ணுங்கள். தலைதட்டிய கரண்டியாக இருக்கட்டும். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு கரண்டியின் கிராம் கிடைத்துவிடும். வறுவலையோ கடையையோ மாற்றினால் மறுபடி எண்ண வேண்டும். எங்கள் வீட்டு டப்பாவின் மூடியில் இந்த எண்ணைப் பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறோம்; இதுவரை மூன்று முறை அழித்து எழுதியாகிவிட்டது.