அக்கியானமும் தொண்ணூற்றொன்பது கடிதங்களும்

சீகன்பால்க் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டார், 1719-ல் 36 வயதில் இறந்தார். எல்லாம் சரிதான். ஆனால் அவர் வந்த வேலை சுவிசேஷம் சொல்வது. அதை எப்படிச் சொன்னார், கேட்டவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்ற கேள்வி இந்தத் தடத்தில் வருவதே இல்லை. அதற்காக அவர் காலத்து அச்சு நூல்கள் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, 'அக்கியானம்'. லண்டன் சங்கம் ஒன்று அனுப்பிய அச்சு இயந்திரம் 1712-ல் தரங்கம்பாடிக்கு வந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்து சேர்ந்தன. அந்த அச்சகத்தில் முதலில் அச்சான தமிழ்ச் சிறுநூல்களில் ஒன்று இது. அக்கியானம் என்றால் அஞ்ஞானம். இந்த மக்களின் வழிபாடு அருவருப்பானது, அதை விட்டு வெளியே வந்தால்தான் மீட்பு என்பதுதான் நூலின் வாதம்.

ஒரு விமர்சகனாக எனக்கு முதலில் இடிப்பது தலைப்புதான். வாசகன் கையில் வாங்கும்போதே அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அட்டை சொல்லிவிடுகிறது. மின்சார ரயிலில் கைப்பிரதி கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் சரி, அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் இந்தத் தொனிதான். வாங்கி மடித்துப் பையில் வைப்போம், அதோடு முடிந்தது.

இத்தனைக்கும் சீகன்பால்க் ஊரை அறியாதவர் இல்லை. 1708-லேயே தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் போட்டவர். அதில் கிறிஸ்தவம் சாராத நூல்கள் மட்டும் 119. 'கொன்றை வேந்தன்', 'உலக நீதி', 'நீதி வெண்பா' மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தவர். அக்கியானம் வந்த அதே 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையும் எழுதி முடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாலேவில் அதை அச்சிடவில்லை. புறமத வழிபாட்டை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கேட்டார்களாம். கடைசியில் 1867-ல்தான் சென்னையில் அச்சானது. ஒரே கை, ஒரே வருடம். தமிழனிடம் "உனக்கு ஞானம் இல்லை" என்றார், ஐரோப்பியனிடம் "இவர்களுடைய ஞானத்தைப் பார்" என்றார்.

இரண்டாவது நூல் இன்னும் சுவாரசியம். 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் அவருடைய சக ஊழியர் க்ரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். பள்ளிக்கூடம், சோதிடம், திருமணம், வழிபாடு என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். நீங்கள் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்க மறுக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மனாக்கப்பட்டு ஹாலேவின் மிஷன் அறிக்கைகளில் அச்சாயின.

பதில்களில் ஒளிவுமறைவு இல்லை. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, சொல்வது ஒன்று நடப்பது ஒன்று. ஒவ்வொரு நாட்டுக்கும் கடவுள் ஒரு வழி வைத்திருக்கிறார், எங்களுக்கு எங்கள் வழி. மதம் மாறினால் சொந்தபந்தம் போய்விடும். அக்கியானம் நூல் அறியாதவர் என்று அழைத்த அதே மனிதர்கள், இங்கே நிதானமாக உட்கார்ந்து வாதம் செய்கிறார்கள்.

இந்தக் கடிதங்களை அப்படியே தமிழர் குரல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேள்வியைத் தேர்ந்தவர்களும், மொழிபெயர்த்தவர்களும், அடியில் குறிப்பு எழுதியவர்களும் மிஷனரிகள்தான். கடிதங்களில் பெரும்பகுதியை முன்பு அவர்களிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பனே எழுதியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. குறிப்புகளில் மறுப்பும் சமாதானமும் வருகின்றன. எங்கள் மென்பொருள் தொழிலில் பயனர் புகார் அனுப்பினால், "என் மெஷினில் நல்லாத்தானே ஓடுது" என்று பதில் போடுவோமே, சில இடங்களில் அந்த வாடை. ஆனாலும் புகாரை அழிக்கவில்லை. தங்களைத் திட்டி வந்த பதிலை, தங்களுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் படிக்கும் அறிக்கையிலேயே போட்டார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

நம்பிக்கையுள்ள நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "முன்னால பாலம் உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சவன், ஓடி வர்றவன்கிட்ட கருத்தா கேட்டுட்டு இருப்பான்?" என்றார். நியாயமான கேள்வி. உண்மையிலேயே அப்படி நம்புகிறவர் சும்மா இருந்தால்தான் அவர் நம்பிக்கை மீது எனக்குச் சந்தேகம் வரும். சொல்லாதே என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பாலம் உடைந்த செய்தியும் எதிரே வருகிறவன் காதில் ஏற வேண்டும். "அறிவுகெட்டவனே" என்று தொடங்கினால் யார் நிற்பார்கள்?

இதற்கு முன்மாதிரி சீகன்பால்க் கையிலேயே இருந்தது. 1714-ல் அவர் அச்சிட்ட 'அஞ்சு வேத பொஸ்தகம்' நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்தது. அந்த ஐந்தாவது புத்தகத்தில் பவுல் ஏதென்ஸுக்குப் போகிறார். ஊரைச் சுற்றிப் பார்க்கிறார், அறியப்படாத தெய்வத்துக்கு என்று எழுதிய பலிபீடத்தைக் கவனிக்கிறார், பேச்சை அங்கிருந்தே எடுக்கிறார். அவர்களுடைய கவிஞர்களையே மேற்கோள் காட்டுகிறார். முடிவில் சிலர் கேலி செய்கிறார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்கிறார்கள், சிலர் நம்புகிறார்கள். கேலி செய்தவர்களையும் லூக்கா விட்டுவிடவில்லை. அந்த அத்தியாயத்தைத் தமிழாக்கியவர் அக்கியானம் எழுதியதுதான் எனக்குப் புரியாத முரண். ஏதென்ஸுக்குக் கிட்டத்தில் வருவது 99 கடிதங்கள்தான்.

நமக்குப் பெரிய இழப்பு இனிமேல்தான். அந்தக் கடிதங்களின் தமிழ் மூலம் தொலைந்துவிட்டது. மிஷனரி சொன்னது தமிழில் அச்சேறியது, தமிழர் சொன்ன பதில் ஜெர்மனில் அச்சேறியது. தரங்கம்பாடித் தெருவில் இருந்தவனுக்கு அக்கியானம் கிடைத்திருக்கும். பக்கத்து ஊர்க்காரர் அதே ஆட்களுக்கு என்ன பதில் எழுதினார் என்பது தெரிந்திருக்காது. முந்நூறு ஆண்டுகள் கழித்து நானும் அந்தத் தமிழர்களின் வாதத்தை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறேன்.

சுவிசேஷ ஊழிய வரலாறு எழுதுபவர்கள் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எண்ணுகிறார்கள். வேண்டாம் என்றவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், அது எந்த மொழியில் யார் படிக்கப் பதிவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் சீகன்பால்க்குக்குப் பாதி மார்க் போடுவேன். அவருக்குப் பின் வந்த பலருக்கு அந்தப் பாதிகூடத் தேறாது.