தேடுபவனுக்குக் கிடைக்கின்றதா? 'நூலகம்' இணையத்தளம் பற்றி

ஓர் இணையத்தளத்தின் சிறப்பை அதன் வண்ணங்களிலும் அசையும் படங்களிலும் காண்போர் உளர். வந்தவர் தேடியதைப் பெற்றுத் திரும்பினாரா என்பதே எனது அளவுகோல்.

2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' தளம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்கத் தருகின்றது. பண்டாரவளையைச் சூழவுள்ள தோட்டமொன்றில் உயர்தரத்துக்குப் படிக்கும் மாணவன் பழைய 'மல்லிகை' இதழொன்றைப் பார்க்க விரும்பினால் வேறு வழி அரிது. அவனிடம் இருப்பது ஒரு கைத்தொலைபேசி. டேட்டா முடிந்தால் அடுத்த ரீலோட் வரை காத்திருக்க வேண்டும். அவனது கண்கொண்டே இத்தளத்தை நோக்குகின்றேன்.

இதன் பக்கங்களில் ஆடம்பரம் இல்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்கங்கள் என்பன ஒழுங்காக உள்ளன. கோப்பு எத்தனை மெகாபைட் என்பதும் இணைப்பின் அருகிலேயே உண்டு. டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவனுக்கு இது பேருதவி. சஞ்சிகைகள் பலவற்றின் உள்ளடக்கம் தட்டச்சு செய்யப்பட்டிருப்பது அதனிலும் பெரிது. ஸ்கேன் செய்த பக்கம் நமக்கு எழுத்து; எழுத்தாக மாற்றும் வரை தேடுபொறிக்கு அது வெறும் படமே. உள்ளடக்கம் தட்டச்சில் இருப்பதாலேயே ஒரு சிறுகதையின் தலைப்பைக் கொண்டு அது வெளிவந்த இதழைக் கண்டடைய முடிகின்றது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பாமினி போன்ற எழுத்துரு கணனியில் இல்லாவிடின் தமிழ்த் தளங்கள் பல புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. யுனிகோட் பரவியதும் அத்தொல்லை நீங்கிற்று. வாசிக்க முடியாமை தீர்ந்தது. கண்டுபிடிக்க முடியாமை தீரவில்லை.

முஸ்லிம் எழுத்தாளர் விடயத்தில் இது கூடுதலாகத் தைக்கின்றது. ம.மு. உவைஸ் என்பவரும் எம்.எம். உவைஸ் என்பவரும் ஒருவரே என்பதை நாமறிவோம், தேடற்பெட்டி அறியாது. அஸீஸ், அசீஸ் என்பன அதற்கு இருவர். சித்திலெப்பையின் 1885ஆம் ஆண்டு நாவலை 'அசன்பே' என்று தேடுபவனும் 'ஹஸன்பே' என்று தேடுபவனும் ஒரே வாசலை அடைவது நிச்சயமில்லை. கிடைக்காதபோது மாணவன் எழுத்துவேறுபாட்டைச் சந்தேகிக்க மாட்டான். முஸ்லிம்கள் இதுபற்றி எழுதவில்லை என்றே முடிவு கட்டுவான். ஒரு சமூகத்தின் இலக்கியம் இருந்தும் இல்லாததாகிவிடுவது இவ்வாறுதான்.

பரிகாரம் கடினமானதன்று. இத்தளம் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு வழிமாற்றும் வசதி உண்டு. ஆனால் எந்தப் பெயர் எவருடையது, எந்தப் புனைபெயருக்குள் யார் என்பதைத் தொகுப்பாளர்கள் தாமாக அறிய முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. நமது ஊர்களில் மூத்த எழுத்தாளர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்தம் பெயர் வடிவங்களையும் புனைபெயர்களையும் பட்டியலிட்டு அனுப்புவோம். நாமும் நமது பெயரை எங்கும் ஒரே விதமாக எழுதுவோம்.