பட்டை ஸ்பிரிங் செய்த குற்றம் என்ன?

பழைய அமெரிக்க மசில் காரை எடுத்துப் புதுப்பிக்கும் பலர், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் போடுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். மாட்டுவண்டிக் காலத்துச் சமாச்சாரம் என்பது அவர்கள் கட்சி. 1969 கமாரோ போன்ற வண்டிக்கு அது அவசரத் தீர்ப்பு. வண்டியின் எடையைத் தாங்குவது, அச்சை நகரவிடாமல் பிடிப்பது, என்ஜினின் முறுக்கு விசைக்கு ஈடுகொடுப்பது ஆகிய மூன்றையும் வளைத்த எஃகுப் பட்டைகளின் ஓர் அடுக்கே பார்த்துக்கொள்கிறது. இந்தச் சிக்கனத்தில் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

அதற்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சின் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பும். மெல்லிய பட்டை அந்த விசையில் நெளிந்து, தாங்காமல் விடுபட்டு, மறுபடி நெளியும். டயர் தரையில் தத்தும். 1967 கமாரோவுக்குப் பக்கத்துக்கு ஒற்றைப் பட்டைதான். தத்தலுக்குப் பெயர் போன வண்டி அது. மறு ஆண்டே ஷெவர்லே ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தது. வேகம் மிகுந்த ரகங்களுக்குப் பல பட்டை அடுக்கைக் கொடுத்தது. ஆக, குற்றம் பட்டை கொஞ்சமாக இருந்ததில்தான். கிரைஸ்லர்காரர்களின் கணக்கு இன்னும் நுட்பம்: அச்சைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளிப் பூட்டினார்கள். குட்டையான முன்பாதி விறைப்பாக நின்று அச்சைப் பிடிக்கும். நீண்ட பின்பாதி இளகிக் குலுக்கலை வாங்கும். நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்துக்கான அவர்களது சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்கில் வலப்பக்க அடுக்கும் இடப்பக்க அடுக்கும் ஒன்றுபோல் இருக்காது. புரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும் என்பதை ஸ்பிரிங்கிலேயே ஈடுகட்டிய வேலை அது, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வளைவுகளில் பட்டை ஸ்பிரிங் உதவாது என்பார்கள். ரோஜர் பென்ஸ்கே அணிக்காக மார்க் டோனஹ்யூ ஓட்டிய கமாரோக்கள் 1968, 1969 இரண்டு ஆண்டும் வளைவுகள் நிறைந்த டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரின் பட்டத்தை ஷெவர்லேக்கு வென்று தந்தது பட்டை ஸ்பிரிங்கில்தான். அச்சை நான்கு கைகளால் பிடிக்கும் அமைப்புக்கு மாறலாமே என்றால், 1964 முதல் ஷெவர்லேயின் ஷெவெலில் அது கம்பெனியிலிருந்தே வந்தது, நல்ல அமைப்புதான். ஆனால் வண்டி சாயும்போது அந்தக் கைகள் ஒன்றையொன்று இழுக்கும். ரப்பர் புஷ் நெகிழ்ந்து கொடுப்பதால்தான் அது ஓடுகிறது. புஷ்ஷையெல்லாம் கெட்டியாக்கினால் அச்சு இறுகிக்கொள்ளும். இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் குண்டும் குழியுமான சாலையில் மேலானது, மறுக்கவில்லை. ஆனால் வண்டி பின்னால் அமுங்கிக் கிளம்பும்போது இரண்டு டயரையும் தரையில் நேராக நிறுத்துவது ஒற்றை அச்சுதான். தவிர, இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனுக்காகக் கமாரோவின் தரைத்தகட்டை வெட்டிவிட்டால் பழைய வண்டியைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

பந்தயத் தடத்தில் மட்டுமே ஓட்டப்போகிறவர் மூன்று கை அமைப்பும், அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்கும் போடட்டும். அங்கே அது நியாயம். சாலையில் ஓட்ட, நல்ல வளைவுள்ள பல பட்டை அடுக்கு, தரமான ஷாக் அப்சார்பர், பட்டை நெளியாமல் தடுக்கும் டிராக்‌ஷன் பார் ஆகியவை போதும். மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டையின் முன்முனை வளையத்தில் (முன்கண்) ரப்பர் புஷ்ஷோடு வரும் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிடக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே சிக்கி, சீக்கிரம் கிழிந்துவிடும்.