நான்கு சூத்திரங்களும் ஒரு நிபந்தனையும்

போர்டிக்சன் வட்டாரத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் எய்திப் பௌதிகத்தை விருப்பப் பாடமாக ஏற்கும் மாணவனுக்கு, எஸ்.பி.எம். பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே எதிர்ப்படுபவை நேர்கோட்டு இயக்கத்தின் நான்கு சூத்திரங்கள். தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி, காலம் என்னும் ஐந்தனுள் மூன்று தெரிந்தால் எஞ்சிய இரண்டும் கைவசமாகும். 12 மீட்டர் உயரத்துச் செம்பனையிலிருந்து அறுபட்டு விழும் குலை ஏறத்தாழ 1.56 விநாடியில், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தரையை மோதும் என்பதைத் துண்டுக் காகிதத்திலேயே கணித்துவிடலாம். குலை வெட்டுவோர் அடிமரத்தை விட்டு ஏன் விலகி நிற்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் அதே சூத்திரத்தை 1,000 மீட்டர் உயரத்து மழைத்துளிக்குப் பிரயோகித்தால், விநாடிக்கு 140 மீட்டர் என்று விடை வரும். உண்மையில், காற்றின் தடையால் பெருந்துளியும் விநாடிக்கு 9 மீட்டர் அளவிலேயே இறங்குகிறது. கனத்த குலைக்குப் பொருந்திய சீர்முடுக்கம் என்னும் நிபந்தனை துளிக்குப் பொருந்தவில்லை. நம் பயிற்சிக் கணக்குகளோ “சீரான முடுக்கத்துடன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால், மாணவன் எழுத்துகளைப் பட்டியலிட்டு, பொருந்தும் சூத்திரத்தைப் பொறுக்கி எடுப்பதிலேயே சாமர்த்தியம் பெறுகிறான். அந்த இயக்கம் எத்தன்மையது என்று விசாரிக்கும் அவசியமே அவனுக்கு நேர்வதில்லை. ஆகவேதான், முடுக்கம் மாறிக்கொண்டே போகும் பயணத்திலும் முதல் வேகத்தையும் கடை வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதுவே சராசரி என்கிறான்.

இத்தோஷத்துக்குப் பரிகாரம் பழைய டிக்கர் டைமரில் இருந்தது. விநாடிக்கு 50 புள்ளிகள் பதியும் காகித நாடாவைப் பத்துப் பத்து இடைவெளியாக வெட்டி, 0.2 விநாடிக்கு ஒரு துண்டென வரிசையாக ஒட்டினால், சரிவில் உருளும் தள்ளுவண்டியின் முடுக்கம் சீரானதா என்பது, படிகள் ஒரே அளவாய் உயர்கின்றனவா என்று பார்த்த மாத்திரத்தில் பிரத்தியட்சமாகும். அத்துண்டுகளின் நீளங்களைக் கூட்டினால் கடந்த தூரம். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சின் ஒரேம் வரைபடப் பரப்பாகக் கண்டதும், கலிலியோ 1638 ஆம் ஆண்டு நூலில் நிறுவியதும் இத்தத்துவமே. இன்றைய பாடநூல் ஒளிக்கதவையும் மின்னணுக் கடிகாரத்தையும் கொண்டு மிகத் துல்லியமான எண்களை அளிக்கிறது; எனினும் என் அபிப்பிராயம் நாடாவின் பக்கமே சாய்கிறது. ஒளிக்கதவு இரண்டு கணங்களின் வேகத்தைச் சொல்லும். இடையில் நடந்தது என்ன என்பதை மாணவனே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சிரம்பானிலிருந்து புறப்படும் பேருந்தின் வேகங்களை நிமிஷந்தோறும் குறித்துக் கொடுத்து, எந்தப் பகுதிக்கு இச்சூத்திரங்கள் செல்லும், எதற்குச் செல்லா என்று மட்டும் வினவும் ஒரு கணக்கு, எண் விடை கேட்கும் பத்துக் கணக்குகளுக்கு ஈடாகும்.