வாசலுக்கு வெளியே நின்ற வழக்கு

கீழக்கரை ஜும்ஆ பள்ளிவாசலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தூண்களில்தான் தொடங்குகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளி அது. கல்தூண்கள், போதிகைகள், அவற்றின்மேல் தட்டையான கூரை. கோயில் மண்டபம் கட்டத் தெரிந்த கைகள் உருவச் சிற்பத்தை விட்டுவிட்டுப் பூவையும் கொடியையும் செதுக்கியிருக்கின்றன. காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ‘திராவிடக் கலையில் ஒரு பள்ளிவாசல்’ என்று வியந்து, நல்லிணக்கத்துக்குச் சான்று காட்டிக் கட்டுரை முடிந்துவிடும்.

அந்தப் பாராட்டு பொய்யல்ல, பாதியில் நின்றுவிடுகிறது. பள்ளிவாசல் தொழும் இடம் மட்டுமில்லை. ஊர் ஜமாஅத் கூடுவதும் அங்கேதான். தலாக், மஹர், ஜீவனாம்சம், புருஷன் அடித்த அடி எல்லாம் அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன. பெண் உள்ளே வராத ஊரில் அவளுடைய வழக்கை அப்பாவோ அண்ணனோ எடுத்துச் சொல்கிறார். அவர் விட்டுவிட்டது தீர்ப்பிலும் விடுபடுகிறது. அப்படியென்றால் அந்தத் தூண்கள் கூரையை மட்டுமா தாங்குகின்றன?

பெண் பெயரில் பள்ளி இருந்தால் போதுமா? உதுமானியப் பேரரசின் மாகாணத் தலைநகரான கெய்ரோவில் 1610-இல் கட்டி முடிந்தது மலிகா ஸஃபிய்யா மசூதி. ஸஃபிய்யா, சுல்தான் மூன்றாம் மெஹ்மதின் தாய். தன் அடிமையாக இருந்த அதிகாரி தொடங்கிய கட்டடத்தை, அவர் இறந்தபின் தன்னுடையதென்று வழக்காடிப் பெற்றார். அந்த வழக்கிலும் அவருக்காகப் பேசியது அவர் அனுப்பிய ஓர் ஆண் பிரதிநிதிதான். அரசிக்குச் சொத்து கிடைத்தது. ஏழைப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் இந்த முடிச்சைச் சரியாகப் பிடித்தார். பெண்களே கூடி வழக்கு கேட்கும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பிறகு பெண்களுக்கென்றே ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்றார். பலர் அதைத் தொழுகைச் சர்ச்சையாகவே பார்த்தார்கள். அவர் கேட்டது தீர்ப்புச் சொல்லும் இடத்தை. தீபா தன்ராஜின் ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ (2011) ஆவணப்படத்தில் அந்த ஜமாஅத்தைப் பார்க்கலாம்: குவிமாடமும் இல்லை, போதிகையும் இல்லை, தன் வழக்கைத் தானே சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை வெறுப்பு அரசியல் இரவல் வாங்கப் பார்க்கும். கொடுக்க வேண்டாம். நபியின் மதீனாப் பள்ளியில் பெண்கள் தொழுதார்கள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பஞ்சாயத்து பேசும் கோயில் மண்டபமும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

திட்டக்குடியில் இதைப் படிக்கும் மாணவி வெள்ளாற்றைக் கடந்து லப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலைப் பார்க்கப் போகலாம். உள்ளூர்க் கோயிலுக்கும் போகலாம். மினாராவின், கோபுரத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்றைக் கேளுங்கள்: கட்டக் காசு கொடுத்த பெண்கள் யார்? பெண்கள் எதுவரை வரலாம்? ஊர் கூடும்போது அவர்கள் குரல் எந்த வழியாக உள்ளே போகிறது? இந்தப் பதில்களையும் சேர்த்து எழுதினால்தான் அது அந்தக் கட்டடத்தின் வரலாறு.