மலை தெரியும் வீடு, பதினொரு மாத ஒப்பந்தம்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் புரோக்கர் முதலில் சொல்வது அறைக்கணக்கை அல்ல. "மலை தெரியும்" என்பார். மொட்டை மாடியில் நின்றால் அருணாசலம் மறைப்பில்லாமல் தெரியும் என்றால் வாடகை ஒரு படி ஏறும். ரமணா நகரிலும் பெரும்பாக்கம் சாலையிலும் அப்படிப்பட்ட வீடுகளில் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாட்டு ஓய்வூதியக்காரர்கள் இருக்கிறார்கள். குரங்குக்குப் பயந்து வராந்தா முழுக்க அடித்த கம்பி வலை, மாடியில் தண்ணீர்த் தொட்டி, மின்வெட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர், சமையலறை மூலையில் கேன் தண்ணீர். எழுபது வயதுக்குப் பிறகான வாழ்க்கையை இதற்குள் அடக்கிவிடலாம் என்பது அவர்கள் திட்டம்.

திட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் தனிமையில் கழியும் குளிர்காலத்துக்குப் பதில் இங்கே வெயிலும், பேச்சுத் துணையும், அதிகாலைக் கிரிவலமும் கிடைக்கின்றன. அங்கே வாடகைக்கே போதாத ஓய்வூதியம் இங்கே சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நீள்கிறது. சாப்பாடு சைவம், ஊர் சிறியது, நடந்தே எல்லாம் முடியும்.

இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற மேஜர் சாட்விக் 1935 நவம்பரில் வந்தார். ஆசிரம வளாகத்துக்குள்ளேயே அறை கட்டிக்கொண்டார். 1962-ல் இறக்கும்வரை இந்த ஊரே அவருக்கு வீடு. ஈராக்கில் பிறந்த எஸ்.எஸ். கோஹன் 1936-ல் பக்கத்துப் பலாக்கொத்தில் மண்குடிசை போட்டார். ஆர்தர் ஆஸ்பர்ன் குடும்பத்தோடு இங்கே வாழ்ந்து, 1964-ல் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கினார். இன்று பெட்டி கட்டி வருகிறவர்கள் மனதில் இந்தப் பெயர்கள்தான் இருக்கின்றன. ஆனால் சாட்விக் வந்தபோது இது பிரிட்டிஷ் இந்தியா. அவர் வேற்று நாட்டுக்கே வரவில்லை. விடுதலைக்குப் பிறகும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு விசா கட்டாயமானது 1984-ல்தான். அவர்கள் வாழ்ந்த முறையை இன்று அப்படியே பின்பற்ற ஆசைப்படலாம், சட்டம் இடம் கொடுக்காது.

இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று ஒன்று கிடையாது. தாய்லாந்தில் ஐம்பது வயதைக் கடந்தவர் வங்கியில் 8 லட்சம் பாத் காட்டினால் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். இலங்கைகூட 55 வயதைத் தாண்டியவர்களுக்கு 'மை டிரீம் ஹோம்' என்று ஒரு விசாவை வைத்திருக்கிறது. இங்கே வருகிற பெரும்பாலோர் கையில் இருப்பது சுற்றுலா விசா. இ-விசா ஐந்தாண்டுக்கே கிடைத்தாலும், ஒரு ஆண்டில் மொத்தம் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஆகவே கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்து, பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் பாஸ்போர்ட், விசாப் பக்கங்களைப் போனில் படமெடுத்து, 24 மணி நேரத்துக்குள் தங்குபவர் விவரத்தைப் பதிவேற்ற வேண்டும். தவறினால் வழக்கு அவர் மேல்.

நிலத்தின் கதை இன்னும் சிக்கல். சுற்றுலா விசாவில் வருகிற, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் இங்கே வீடோ மனையோ வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை எடுக்கலாம். இதைச் சுற்றிப் போக ஒரு பழைய வழி உண்டு: பணம் வெளிநாட்டவருடையது, பத்திரம் உள்ளூர் நண்பர் பெயரில். நட்பு நீடிக்கும்வரை சரி. நண்பர் இறந்து, பிள்ளைகள் பாகம் பிரிக்க உட்காரும்போதுதான் வில்லங்கம். பினாமிச் சட்டம் 1988-லிருந்து இருக்கிறது. அதன்படி உண்மையான உரிமையாளர் நான்தான் என்று நீதிமன்றப் படியேறிச் சொத்தை மீட்க முடியாது. கோவாவில் விதி மீறி நிலம் வாங்கிய வெளிநாட்டவர்கள் அமலாக்கத் துறையின் விசாரணையில் மாட்டியது பலருக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவில் ஓய்வுபெற்றோர் பலர் வாழும் மொபைல் ஹோமோடு இந்த வாடகை வாழ்க்கையை ஒப்பிடலாம். அங்கே வீடு சொந்தம், அது நிற்கும் மனை வாடகை. ஒருமுறை இறக்கி வைத்த வீட்டைப் பெயர்த்தெடுக்க ஏகப்பட்ட செலவு என்பதால், மனைக்காரர் வாடகையை ஏற்றினால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்படியும் வீடு என்று ஒரு பொருள் கையில் இருக்கும். திருவண்ணாமலையில் அதுவும் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தமும் அட்வான்ஸ் தொகையும்தான். சக்கரத்தின் மேல் வீட்டையே கொண்டுவந்தவர்கள் வேறு ரகம். ஐரோப்பாவிலிருந்து வேனில் தரைவழியே இந்தியா வரும் மரபு 1979-ல் ஈரான் புரட்சியோடும் ஆப்கன் போரோடும் பெரும்பாலும் முறிந்துபோனது. இன்றும் சிலர் வருகிறார்கள். வண்டியைக் குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி நிறுத்த இடம் தேடிப் பார்த்தால் வேன் வாழ்க்கையின் கவர்ச்சி பாதி போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை உடம்பு. அறுபத்தைந்தில் போட்ட கணக்கு எண்பதில் உதைக்கிறது. அமெரிக்க மெடிக்கேர் காப்பீடு பெரும்பாலும் நாட்டெல்லையோடு முடிந்துவிடும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியமோ, இந்தியாவையே இருப்பிடமாக்கிக்கொண்டவருக்கு ஆண்டு உயர்வு இல்லாமல் தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும்; ரமணா நகர் வாடகை அப்படி நிற்பதில்லை. ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் இடுப்பு எலும்பு முறிந்தாலோ இதயத்தில் அடைப்பு என்றாலோ பலர் வேலூர் சி.எம்.சி.க்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோதான் ஓடுகிறார்கள். கூட வர ஆள் வேண்டும். சீசன் முடிந்து நண்பர்கள் ஊர் திரும்பிய மே மாதத்தில் அந்த ஆள் யார் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. ஆசிரமத்தை நம்பலாமா என்றால், அங்கே விருந்தினர் அறைகள் சில நாள் தங்கலுக்கானவை. அது முதியோர் இல்லம் அல்ல.

ஊர்க்காரர்களின் கணக்கு தனி. வாடகை வீட்டால், ஆட்டோவால், சமையல் வேலையால் பிழைக்கும் குடும்பங்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை கையில் காசு புரளும். அதே காசு உள்ளூர் ஆசிரியரையும் கடைப் பணியாளரையும் மலை தெரியும் தெருக்களிலிருந்து தள்ளி வைக்கிறது. குடியிருக்க இடம் தேடி மலையடிவாரத்தை ஒட்டி வீடு கட்டுவதன் ஆபத்து வெறும் அனுமானம் அல்ல: ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1-ல் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி ஏழு பேரைக் கொன்றது. அங்கே இருந்தது உள்ளூர்க் குடும்பம். விலையேற்றத்தின் குற்றம் வெளிநாட்டவருடையது மட்டும் என்று சொல்ல முடியாது. உள்ளூர் பக்தர்களும் சென்னை முதலீட்டாளர்களும் விலையை அவர்களைவிட அதிகமாகவே ஏற்றியிருக்கிறார்கள்.

ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் தன் நாட்டில் என்று இருப்பவரின் ஏற்பாடு ஓட்டை குறைந்தது. மருத்துவக் காப்பீடு அங்கே உயிரோடு இருக்கிறது. விசா விதி மீறப்படவில்லை. வாடகை பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு வீடு. அங்குள்ள வீட்டை விற்று, அந்தப் பணத்தை இன்னொருவர் பத்திரத்தில் போட்டு, திரும்பிப் போக இடமில்லாமல் செய்துகொள்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். இந்தியா ஓய்வுக்கால விசா கொடுத்தால் இவர் நிலை சீராகும் என்ற வாதம் பாதிதான் சரி. வருமான வரம்பும் கட்டாயக் காப்பீடும் வைத்த விசா வந்தால் முதலில் தகுதி இழப்பவர்கள், சிறு ஓய்வூதியத்தை நம்பி இந்த ஊருக்கு வந்த இதே ஆட்கள்தான்.